ஆரன் தீவுகள்: ஸ்வெட்டர் சொல்லும் கதையும் கல் சொல்லும் கதையும்

(காட்சி: கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர்கள். பக்கத்தில் குடும்பப் பெயர்களின் பட்டியல்.)

குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், உங்கள் குலத்துக்கு உரிய பின்னலைக் காட்டுகிறோம் என்கிறார்கள். அயர்லாந்துக்கு வேர் தேடி வருபவர்களிடம் நெடுங்காலமாக விற்கப்படும் கதை இது. வீட்டுக்கு ஒரு பின்னல் உண்டாம். கடலில் மூழ்கிய மீனவனின் உடல் கரை ஒதுங்கினால், ஸ்வெட்டரைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்களாம். கேட்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் அது உண்மையில்லை. அந்த ஸ்வெட்டருக்குப் பெயர் கொடுத்த தீவுகளுக்கே போய்ப் பார்ப்போம்.

(காட்சி: சாம்பல் நிறப் பாறைத் தரை, கல் சுவர்கள், பின்னால் அட்லாண்டிக் கடல்.)

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே விரிகுடாவின் வாயில் இருக்கின்றன ஆரன் தீவுகள்: இனிஷ் மோர், இனிஷ் மான், இனிஷ் ஈர். மூன்றையும் சேர்த்தால் ஐம்பது சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. எங்கும் சுண்ணாம்புப் பாறை. பயிரிட மண் போதாததால் மக்களே மண்ணை உண்டாக்கினார்கள். பாறை வெடிப்புகளைச் சிறு கற்களால் அடைத்து, கடற்பாசியையும் மணலையும் கரையிலிருந்து கூடை கூடையாகச் சுமந்துவந்து கொட்டினார்கள். அதில் உருளைக்கிழங்கு விளைந்தது.

பொறுக்கி எடுத்த கற்கள் சுவர்களாயின. பூச்சு எதுவும் கிடையாது. அருகில் போய்ப் பாருங்கள்: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வானம் தெரியும். காற்று அந்தச் சந்துகளில் புகுந்து போய்விடுவதால் சுவர் தாக்குப்பிடிக்கிறது. பல வயல்களுக்குக் கதவும் இல்லை. மாட்டை உள்ளே விட வேண்டுமென்றால், சுவரில் அதற்கென்று விட்ட இடத்தில் கற்களை எடுத்துக் கீழே வைப்பார்கள். மாடு நுழைந்ததும் ஒவ்வொரு கல்லாக மறுபடி அடுக்கி அடைப்பார்கள். பூச்சின்றிக் கல் அடுக்கும் இந்தக் கலைக்காக, 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அயர்லாந்தும் சேர்க்கப்பட்டது.

(காட்சி: பழைய நிலவரைபடம். ஊர்ப் பெயர்கள் மேல் விரல் நகர்கிறது.)

இனிஷ் மோரில் படகு வந்து சேரும் ஊர் கில்ரோனன். 'கில்' என்றால் ஐரிஷ் மொழியில் தேவாலயம்; ரோனனின் தேவாலயம் என்று பொருள். தலைநகர் டப்ளினின் பெயரைப் பிரித்தால் 'கருங்குளம்' வரும். 1824-இல் ஆங்கிலேய அரசு தொடங்கிய நில அளவைக்காக, ஜான் ஓ'டொனவன் என்ற அறிஞர் பின்னர் ஊர் ஊராகப் போய் உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டுக் குறித்தார். ஆனால் வரைபடத்தில் ஏறியது ஆங்கில எழுத்தில் அமைந்த ஒலி. பொருள் மறைந்துபோனது. எனக்கு இது சிறிய இழப்பாகத் தோன்றவில்லை.

மனிதர்களின் பெயருக்கும் அதே கதி. 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 'மேக்' என்றால் மகன். 1014-இல் க்ளோன்டார்ஃப் போரில் மாண்ட மன்னர் பிரையன் போருவின் வழிவந்தவர்கள் ஓ'பிரையன்கள். ஐரிஷ் மொழியில் அந்த வீட்டு மகளின் பெயரில் 'ஓ' வராது, 'நீ' வரும், மருமகளுக்கு 'ஈ'. ஒரே ஓர் எழுத்தில் உறவு தெரிந்துவிடும். ஆங்கில ஆட்சியில் பலர் 'ஓ'வையும் 'மேக்'கையும் உதிர்த்தார்கள். 'கொல்லன் மகன்' என்று பொருள்படும் மெகௌன்கள் பலர் ஸ்மித் ஆனார்கள்.

1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளில் மிகப் பெரும்பகுதி சாம்பலானது. கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று பிடித்துக்கொள்ளக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டுதான்: குடும்பப் பெயர், ஊர்ப் பெயர். அவர்களிடம்தான் குலப் பின்னல் கதை விற்கப்படுகிறது.

(காட்சி: பின்னல் ஊசிகள், வெள்ளைக் கம்பளி நூல்.)

ஆரன் ஸ்வெட்டர் அவ்வளவு பழையதில்லை. சென்ற நூற்றாண்டில்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. கயிறு முறுக்கு, தேன்கூடு என்று தீவுப் பெண்கள் ஒருவர் பின்னுவதைப் பார்த்து ஒருவர் பின்னினார்கள். 1930-களில் டப்ளினில் முரியல் கஹன் தன் கடையில் அவற்றை வாங்கி விற்றதால் அந்தப் பெண்களின் கையில் காசு புரண்டது. அவர்கள் 'கிரிஸ்' என்ற வண்ண இடுப்புக் கச்சையும் நெய்தார்கள். அதற்குத் தறி வேண்டாம். பாவின் ஒரு முனையைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே கையால் நெய்வார்கள்.

பிணத்தை அடையாளம் காட்டும் பின்னல் என்ற எண்ணத்துக்கு மூலமாகப் பலரும் சுட்டுவது, ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங் ஆரனில் தங்கிய அனுபவத்திலிருந்து எழுதி 1904-இல் மேடையேறிய நாடகத்தை. அதில் வருவது ஸ்வெட்டர்கூட இல்லை, ஒரு காலுறை. எங்கோ வடக்கே கரை ஒதுங்கிய ஒருவனின் துணி மூட்டையை இரு சகோதரிகள் அவிழ்க்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான நோரா பின்னல் கண்ணிகளை எண்ணுகிறாள். அவளே பின்னிய காலுறை அது. அறுபது கண்ணி போட்டு நான்கைத் தவறவிட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. அந்த நான்கு கண்ணிகளால், இறந்தவன் தன் உடன்பிறந்தவன் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.