தனிக் குவளை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 16 நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் மண்டபங்களில் ஒரே பேச்சுதான். 1860இல் அதே நாளில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டால் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. 342 பேர் இறங்கினார்கள். 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். மாதம் பத்து ஷில்லிங் சம்பளத்தில் தொடங்கினார்கள். கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், பேரப்பிள்ளைகளை டாக்டர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆக்கினார்கள். அத்தனையும் உண்மை. நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள வேண்டிய வரலாறு அது.

ஆனால் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்ததும் அந்தப் பேச்சுக்கு ஆப்பிரிக்கர்களைப் பற்றி ஒரு வால் முளைக்கிறது. "நாம் வெறுங்கையோடு வந்து முன்னேறினோம். இவர்கள் இந்த மண்ணின் சொந்தக்காரர்கள், ஏன் முன்னேறவில்லை?" கேள்வி போலத்தான் இருக்கும். கேட்பவர் மனத்தில் பதில் ஏற்கனவே தயாராக இருக்கிறது: சோம்பேறிகள், குடிகாரர்கள், நம்மைப் போல் புத்தி கிடையாது. இதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம். மண்டபத்தின் பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருக்கும் ஜூலு என்ற ஆப்பிரிக்க இனப் பெண்மணிக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். அந்த வாலைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சோம்பேறி என்ற பழி எங்கே பிறந்தது என்று பார்ப்போம். 1850களில் நேட்டால் கடற்கரையோரம் கரும்பு பயிரிட்ட வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆப்பிரிக்க மக்களிடம் நிலம் இருந்தது, மாடு இருந்தது, தங்கள் உணவைத் தாங்களே விளைவித்துக்கொண்டார்கள். அற்பக் கூலிக்கு அடுத்தவன் தோட்டத்தில் முதுகொடிய அவர்களுக்கு என்ன தலையெழுத்து? வர மறுத்தார்கள். அந்த மறுப்புக்குத்தான் முதலாளிகள் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள். சொந்தக் காணியில் உழுகிற குடியானவன் மிராசுதார் வயலுக்கு வராவிட்டால் நம் ஊரில் அவனைச் சோம்பேறி என்போமா? மானமுள்ளவன் என்போம். நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவருவதற்காகத் தோட்டக்காரர்கள் கட்டிய கதை அது. அந்தக் கதையை அவர்களுடைய கொள்ளுப்பேரப்பிள்ளைகளே மறந்திருக்கலாம். நாம் இன்னும் பந்தியில் வைத்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து, முன்னேறவில்லை என்ற பேச்சு. நேட்டாலில் ஆப்பிரிக்கர்களின் ஒவ்வொரு குடிசைக்கும் 1849 முதலே வரி. வரி கட்டப் பணம் வேண்டும், பணத்துக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டும், அதுதான் திட்டம். ஒப்பந்தம் முடிந்து விடுதலையான நம் மக்கள் மீது 1895இல் மூன்று பவுன் தலைவரி விதித்தார்களே, அதற்கும் அதே நோக்கம்தான்: மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் ஊரைப் பார்த்துப் போ. இரண்டு வரியையும் போட்டது ஒரே கை.

1913ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பவுன் வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் கண்ணை மூடினாள். அவள் பெயரைச் சொல்லாத மேடை நமக்குக் கிடையாது. அதே 1913இல்தான் பூர்வகுடி நிலச் சட்டம் வந்தது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் மட்டும் ஆப்பிரிக்கர்களுக்கு; அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கக் கூடாது. உழுது கொண்டிருந்த நிலத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மாட்டை ஓட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். நம் மூன்று பவுன் வரி மறு ஆண்டே, 1914இல், ஒழிந்தது. அவர்கள் மீது போட்ட நிலச் சட்டம் 1991 வரை உயிரோடு இருந்தது. எழுபத்தெட்டு ஆண்டுகள்! ஏன் முன்னேறவில்லை என்று கேட்கிற வாய் இந்த இரண்டு தேதிகளையும் ஒருமுறை சேர்த்துச் சொல்லிப் பார்க்கட்டும்.

நமக்கும் அடி விழுந்தது. மறுக்கவில்லை. டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டமும் வீடுமாக வாழ்ந்த நம் குடும்பங்களைப் பெயர்த்தெடுத்துச் சாட்ஸ்வர்த்தில் கொட்டியது, எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம். ஆனால் நிறவெறி ஆட்சி ஒரு ஏணியைக் கட்டியிருந்தது. வெள்ளையர் மேல்படியில், ஆப்பிரிக்கர் அடிப்படியில், நாம் நடுவில். பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய பணம்கூட அந்தப் படிக்கணக்கில்தான். அரசியல் கைதிகளை அடைத்த ராபன் தீவுச் சிறைக்கும் அந்த ஏணி போனது. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகத் தொடுத்த ரிவோனியா வழக்கில் 1964இல் ஒன்றாக ஆயுள் தண்டனை பெற்றவர்கள் நெல்சன் மண்டேலாவும் அகமது கத்ராடாவும். மண்டேலாவுக்குக் கொடுத்தது அரைக்கால் சட்டை. அவரைவிடப் பதினொரு வயது இளையவரான கத்ராடாவுக்கு, இந்தியர் என்பதால், முழுக்கால் சட்டை. இந்தியக் கைதிக்கு ரொட்டி உண்டு, ஆப்பிரிக்கக் கைதிக்கு இல்லை. கைதிகள் ஆண்டுக்கணக்கில் போராடித்தான் அந்த வேறுபாட்டை நீக்க வைத்தார்கள். நம்மில் சிலர் இன்னமும் மார்தட்டிக்கொள்ளும் உயர்வு, சிறை அதிகாரி தூக்கிப்போட்ட அந்த ரொட்டித் துண்டுதான்.

ஏணியில் நடுப்படியை நாமே கேட்டு வாங்கியதும் உண்டு. டர்பன் அஞ்சல் நிலையத்தில் அன்று இரண்டு வாசல்கள். ஒன்று வெள்ளையருக்கு, மற்றது ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் பொது. காந்தி செயலாளராக இருந்த நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அதை எதிர்த்து மனுச் செய்தது. வாசலெல்லாம் ஒன்றாக வேண்டும் என்று கேட்கவில்லை. ஆப்பிரிக்கர் நுழையும் வாசலில் நம்மை நுழைய வைப்பது அவமானம் என்பதுதான் முறையீடு. மூன்றாவது வாசல் கிடைத்தது. 1895இல் அதை வெற்றியாகவே அறிக்கையில் எழுதினார்கள். காந்தி பின்னாளில் வெகுதூரம் மாறினார். ஆனால் அந்த மூன்றாவது வாசலை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. சமையலறைக் கழுவுதொட்டிக்குக் கீழே கதவைத் திறந்தால் ஒரு எனாமல் குவளை இருக்கும். விளிம்பில் நீலக் கோடு, ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்து கறுத்த இரும்பு தெரியும். பக்கத்திலேயே ஒரு தட்டு. பாத்திரம் தேய்க்கும் பொடி டப்பாவுக்கும் பழந்துணிக்கும் நடுவில் இருக்கும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு அது. அவர் நம் குழந்தையைத் தூக்கி வளர்ப்பார், சோற்றைப் பிசைந்து ஊட்டுவார். ஆனால் அலமாரியில் அடுக்கிய பீங்கான் கோப்பையில் தேநீர் குடிக்கக் கூடாது. இந்தப் பழக்கத்தை வெள்ளைக்காரன்தான் கற்றுக்கொடுத்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தமிழ்நாட்டுக் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் சேரி மக்களுக்கென்று தனிக் குவளை தொங்கவிட்ட வழக்கம் நாம் அறியாததா? ட்ரூரோவிலும் அதற்குப் பின் வந்த கப்பல்களிலும் ஏறியவர்களில் எத்தனை பேர் அந்தத் தனிக் குவளைக்குத் தப்பி ஓடி வந்தவர்கள்! கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள், கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள். கடலைத் தாண்டி அவர்கள் தொலைத்த அந்தக் குவளையைத் தேடியெடுத்து, இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறோம். நேயர்களே, எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கூப்பிடும் முறையும் அப்படித்தான். வயதில் மூத்த யாரையும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்றுதான் பிள்ளைகளை வளர்க்கிறோம். அறுபது வயது ஜூலுப் பெண்மணியை மட்டும் பத்து வயதுப் பையன் "மேரி" என்று கூப்பிடலாம். மேரி அவர் பெயரே அல்ல. வாய்க்கு எளிது என்று வீட்டார் வைத்தது. அவரோடு பேசுவதோ ஃபனகலோ. சுரங்கத்திலும் தோட்டத்திலும் மேஸ்திரிகள் கட்டளையிடப் பயன்பட்ட அரைகுறைப் பேச்சு அது; எடு, வை, சீக்கிரம், இங்கே வா என்பதற்கு மேல் அதில் என்ன பேச முடியும்? நூற்றறுபது ஆண்டுகளாக ஒரே மண்ணில் வாழ்ந்தும், முறையான ஜூலு மொழியில் ஒருவரைக் குடும்ப நலம் விசாரிக்கத் தெரியாதவர்கள் நம்மில் ஏராளம்.

தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. தெருவில் முன்பின் தெரியாத பெரியவரை நாம் ஐயா என்கிறோம். அவர்கள் பாபா என்கிறார்கள், அப்பா என்றுதான் பொருள். வயதான பெண்மணி எல்லோருக்கும் கோகோ, பாட்டி. நம் பாட்டிமார் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஜூலுக் குடும்பத்தில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தப் பெயரில் வரும் அசை வேறு சொல்லில் வந்தால் அந்தச் சொல்லையும் தவிர்த்து மாற்றுச் சொல் போடுவாள். ஹ்லோனிபா என்று அந்த மரியாதைக்குப் பெயர். இறந்த முன்னோர் குடும்பத்தைக் காப்பதாக நம்பி அவர்களுக்கு ஆடு வெட்டிப் படைப்பது அங்கும் உண்டு, நம் குலதெய்வக் கோயில்களிலும் உண்டு. இவர்களையா நாகரிகம் தெரியாதவர்கள் என்கிறோம்?

இந்த இகழ்ச்சி தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை டர்பன் இருமுறை பார்த்துவிட்டது. 1949 ஜனவரி 13. விக்டோரியா தெருவில் ஓர் இந்தியக் கடைக்காரர் பதினான்கு வயது ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்தார்; கண்ணாடி உடைந்து பையன் தலையில் ரத்தம். அடுத்த நாட்களில் 142 உயிர்கள். அதில் 50 பேர் இந்தியர், 87 பேர் ஆப்பிரிக்கர்; பலர் காவல்துறையின், ராணுவத்தின் குண்டுக்கு இரையானவர்கள். கடை, பஸ், வாடகை வீடு என்று எங்கும் நம்மவரிடம் பட்ட சிறுமை ஒரு பக்கம், நம்மை மோதவிட்டுக் குளிர்காய்ந்த வெள்ளை ஆட்சி மறுபக்கம். 2021 ஜூலையில், இந்தியர் பெருமளவில் வாழும் ஃபீனிக்ஸ் பகுதி. கொள்ளை பரவியது, காவல்துறை கைவிட்டது, மக்கள் பயந்தார்கள், பயம் நியாயமானதுதான். ஆனால் நம்மவர்கள் போட்ட தெருமுனைத் தடுப்பில் எந்தக் காரை நிறுத்துவது, யாரை இறக்குவது என்பதைப் பல இடங்களில் முடிவு செய்தது தோலின் நிறம். அந்த நாட்களில் ஃபீனிக்ஸில் 36 பேர் இறந்தார்கள். வேலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு.

அவர்கள் மட்டும் நம்மை வெறுக்கவில்லையா என்று கேட்பீர்கள். வெறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவுக்குத் திரும்பிப் போ என்று மேடையில் முழங்கும் அரசியல்வாதியும் இருக்கிறார். அதை அவர்கள் வீட்டில் பேச அவர்களில் ஆள் உண்டு. நான் தமிழில் பேசுகிறேன்; என் வீட்டாரிடம்தான் பேச முடியும்.

நம் வீட்டிலும் வேறு மாதிரி மனிதர்கள் பிறந்திருக்கிறார்கள். நேட்டால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் மான்டி நாயக்கர் 1947 மார்ச்சில் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் டாக்டர் சூமாவோடும் டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் தாதூவோடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆப்பிரிக்கரும் இந்தியரும் இணைந்து போராட வேண்டும் என்றது அது. காந்தியோடு சத்தியாகிரகத்தில் நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு ராபன் தீவில் பத்தாண்டு இருந்தார். 1970களில் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிக்கோவோடு நின்ற ஸ்ட்ரினி மூட்லி, தன்னை இந்தியன் என்று பிரித்துச் சொல்லாமல் கறுப்பன் என்றே சொல்லிக்கொண்டு சிறை போனார். ஒடுக்கப்பட்ட எவரும் கறுப்பரே என்பது அந்த இயக்கத்தின் நிலை. நடுப்படி வேண்டாம் என்று ஏணியை விட்டே இறங்கியவர்கள் இவர்கள்.

இறங்க வேண்டிய இடங்களில் கடினமானது கல்யாணம். கலப்பு மணத் தடைச் சட்டம் 1985இல் ஒழிந்தது. பல வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. மகள் வெள்ளைக்காரப் பையனைக் கூட்டி வந்தால் முகத்தைச் சுளித்துவிட்டு ஆறு மாதத்தில் விருந்து வைக்கிறார்கள். ஜூலுப் பையனைக் கூட்டி வந்தால் செத்த வீடு போல அழுகிறார்கள். இருவரும் தமிழர் அல்ல, இருவரும் வேறு மதம். வேறுபாடு எங்கே இருக்கிறது என்று அந்தப் பெற்றோர் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் குணத்தையும் வேலையையும் விசாரியுங்கள், அது உங்கள் உரிமை. நிறத்தை விசாரிக்காதீர்கள்.

இன்றே செய்யக்கூடியதும் உண்டு. அந்த எனாமல் குவளையைத் தூக்கி எறியுங்கள். வேலைக்கு வரும் அம்மாவிடம் அவருடைய உண்மைப் பெயரைக் கேட்டு, பிள்ளைகளை கோகோ என்றோ மா என்றோ அழைக்கச் சொல்லுங்கள். கோயில் அன்னதானத்தில், பாத்திரம் கழுவுகிறவர்களையும் முதல் பந்தியிலேயே நம்மோடு உட்கார வையுங்கள். மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிப் பின்வாசலில் நீட்ட வேண்டாம். மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கும் அதே அறையில் வாரம் ஒரு மாலை ஜூலு வகுப்பும் நடக்கட்டும். கோயில் குழுவினர் இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சட்டம் கேட்பதையும் செய்துவிடுங்கள். 2022 மார்ச் முதல் வீட்டு வேலை செய்பவருக்கும் மற்றத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலி ஒன்றுதான். வேலையில்லாக் காலக் காப்பீட்டில் அவர் பெயரை நீங்கள்தான் பதிய வேண்டும். வேலை நேரத்தில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறும் உரிமையை 2020 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அவருக்கும் உறுதி செய்தது. வேலை செய்த வீட்டின் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்த ஒரு பணிப்பெண்ணின் மகள் நடத்திய வழக்கு அது. பதிவு செய்யாதவர்கள் அருகிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் படிவம் வாங்கலாம். அவருடைய அடையாள அட்டை எண் தேவைப்படும். அதில் இருக்கும் பெயரை, அவர் சொல்லித்தரும்படி, சரியாக எழுதுங்கள்.

நன்றி. வணக்கம்.