துருப்பிடிச்ச பழைய சைக்கிள்ல சிக்கின காட்டர் பின்: கிராங்க் கெடாம கழட்டுறது எப்படி

[காட்சி: பழைய சைக்கிளின் பெடல் பகுதி. கேமரா கிராங்க்கின் கண் பகுதிக்கு நெருங்குகிறது]

பழைய சைக்கிளைப் பிரிச்சுப் புதுசாக்கணும்னு உட்கார்ந்தா, சக்கரம், ஹேண்டில்பார், மட்கார்டு எல்லாம் ஒரு மாதிரி கழண்டு வந்துடும். வேலை நிக்கிற இடம் இதுதான். பெடல் மாட்டியிருக்கிற இரும்புக் கையான கிராங்க்கையும், ரெண்டு கிராங்க்குக்கும் நடுவுல ஓடுற தண்டான ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கிற காட்டர் பின்.

[காட்சி: கழற்றிய ஒரு காட்டர் பின், மேசை மேல்]

இதோட அமைப்பைப் பாருங்க. உருண்டையான எஃகுத் துண்டு, ஒரு பக்கம் மட்டும் சாய்வாச் சீவியிருக்கும். சின்ன முனையில மரை, அதுல ஒரு நட். சாய்வான அந்த முகம் ஆக்சில்ல இருக்கிற வெட்டுல போய் ஆப்பு மாதிரி இறுகும். கிராங்க்கைப் பிடிக்கிறது அந்த ஆப்புதான். நட்டோட வேலை பின் பின்னால நழுவாமப் பாத்துக்கிறது மட்டும். அதனால நட்டைக் கழட்டினதும் பின் வந்துடும்னு எதிர்பார்க்காதீங்க. இரும்பு துருவா மாறும்போது முன்னைவிட பல மடங்கு இடம் பிடிக்கும். ஏற்கெனவே இறுகின ஆப்பு இன்னும் இறுகிப் போயிருக்கும்.

முதல்ல எண்ணெய். கம்பி பிரஷால துருவைத் தேய்ச்சு எடுத்துட்டு, துரு இளக்குற ஸ்ப்ரேயை மூணு இடத்துல விடுங்க: பின்னோட ரெண்டு முனையிலயும், ஆக்சில் கிராங்க்குக்குள்ள நுழையிற வட்டத்துலயும். பலரும் விட்டுடுறது இந்த மூணாவது இடத்தைத்தான். சைக்கிளைப் படுக்க வச்சு விட்டா எண்ணெய் உள்ளே இறங்கும். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை விட்டு, ஒரு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. ரொம்ப மோசமா இருந்தா ரெண்டு நாள். மண்ணெண்ணெயும் வேலை செய்யும், கொஞ்சம் மெதுவா.

அடுத்தது நட். 10 அல்லது 11 மில்லிமீட்டர் ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்தும். திறந்த வாய் ஸ்பேனர் வேண்டாம், முனைகளைத் தேய்ச்சுடும். ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ போடுங்க. நட்டை முழுசா எடுத்து வாஷரையும் கழட்டிட்டு, நட்டோட மேல்முகமும் பின்னோட நுனியும் ஒரே மட்டத்துக்கு வர்ற வரைக்கும் திரும்பப் போடுங்க. நட்டுக்கும் கிராங்க்குக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். அடுத்து இந்த முனையிலதான் சுத்தியலால அடிக்கப் போறோம். வெறும் மரை மேல அடிச்சா அது வளையும், இல்லேன்னா காளான் மாதிரி விரியும். விரிஞ்ச பின் துளை வழியா வரவே வராது.

[காட்சி: கிராங்க்கின் கீழ் இரும்புக் குழாய் நிறுத்தப்படுகிறது]

இப்ப இந்த வேலையிலேயே முக்கியமான விஷயம், தாங்கல். கிராங்க்கைக் கிடைமட்டமா வச்சா பின் செங்குத்தா நிக்கும். நட் முனை மேல இருக்கட்டும். பின்னோட பெரிய முனைக்கு நேர் கீழே அரை இஞ்ச் இரும்புக் குழாய் ஒண்ணைத் தரையில நிறுத்துங்க. குழாயோட விளிம்பு கிராங்க்கைத் தாங்கணும், பின் குழாய் ஓட்டைக்குள்ள இறங்கணும். அளந்து வெட்டுங்க: சைக்கிளோட எடை குழாய் மேல வர்ற உயரம். கீழே சிமென்ட் தரையா இருக்கணும். பலகை வச்சா அது அடியை வாங்கிக்கும்.

தாங்கல் இல்லாம அடிச்சா என்ன ஆகும்? அடி ஆக்சில் வழியாப் போய் உள்ளே இருக்கிற கால் இஞ்ச் பால்ஸை, அது உருளுற கிண்ணமான கப் மேல அழுத்தும். கப்புல குழி விழும். அப்புறம் எவ்வளவு கிரீஸ் போட்டாலும் பெடல் சுத்தும்போது கரகரன்னுதான் இருக்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க. ஒருத்தர் சைக்கிளைப் பிடிக்கட்டும். ஒரு கிலோ சுத்தியலால நேரா, பலமா ஒரே அடி. பயந்து பயந்து தட்டுறதுதான் பின்னைக் கெடுக்கும்: சின்ன அடி நுனியை மட்டும் நசுக்கும், உள்ளே இருக்கிற பிடியை அசைக்காது. பின் நகர்ந்து நட் கிராங்க்கைத் தொட்டதும் நிறுத்தி, நட்டைக் கழட்டி, பன்ச் (அடிச்சுத் தள்ளுற இரும்புக் கம்பி) வச்சு மீதியைத் தள்ளிடுங்க. மூணு நாலு நல்ல அடிக்கும் அசையலேன்னா, அடிக்கிறதை விட்டுடுங்க.

[காட்சி: ஜி கிளாம்ப், சாக்கெட்]

அடிக்கிறதைவிட அழுத்துறது எப்பவும் மேல். கனமான ஜி கிளாம்ப் ஒண்ணை எடுத்து, பெரிய முனை மேல 13 மில்லிமீட்டர் சாக்கெட்டைக் கவிழ்த்து, கிளாம்ப்போட திருகு முனையை நட் பக்கம் வச்சு இறுக்குங்க. கை தாங்குற அளவுக்கு இறுக்கினதும் கிராங்க் கண்ணோட (ஆக்சில் நுழையிற தடிச்ச முனை) பக்கவாட்டுல சுத்தியலால ஒரு தட்டு. மறுபடி கால் சுத்து. பின் விடும்போது 'டக்'னு ஒரு சத்தம் கேட்கும், பயந்துடாதீங்க. விடலேன்னா இறுக்கினபடியே ராத்திரி முழுக்க விட்டுடலாம். மெலிசான வார்ப்பு கிளாம்ப் மட்டும் வேண்டாம், உடைஞ்சு தெறிக்கும்.

அதுக்கும் மசியலேன்னா சூடு. எண்ணெயை நல்லா துடைச்சு எடுத்துட்டு, கேஸ் டார்ச்சோட தீயால கிராங்க் கண்ணைச் சுத்தி மட்டும் ரெண்டு மூணு நிமிஷம் காட்டுங்க, பின் மேல படாம. 9.5 மில்லிமீட்டர் துளை 200 டிகிரி சூடேறினா சுமார் 0.02 மில்லிமீட்டர்தான் விரியும். கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா துருப் பிடியை உடைக்க அதுவே பல சமயம் போதும். சூடு இருக்கும்போதே கிளாம்ப்பை இறுக்குங்க. பெயின்ட் கருகும், குரோம் நீலமாகும். பளபளப்பு உங்களுக்கு முக்கியம்னா இந்தப் படியைத் தாண்டி நேரா டிரில்லுக்குப் போங்க.

டிரில் கடைசி வழி. விரிஞ்ச மரையை ஹாக்ஸாவால அறுத்து, அரத்தால மட்டமாக்கி, நடுவுல பன்ச் குறி போடுங்க. 3 மில்லிமீட்டர் பிட், அப்புறம் 6. மெதுவான வேகம், சொட்டுச் சொட்டா எண்ணெய். 7-க்கு மேல போகாதீங்க. ஆக்சில் எஃகு கடினமானது. பிட் அதுல பட்டா வழுக்கி, கிராங்க் பக்கம் ஓடிடும். உள்ளே குடைஞ்சதும் பின்னோட சுவர் தளரும், பன்ச்சால தள்ளினா வரும்.

[காட்சி: வெர்னியர் காலிப்பரில் பழைய பின்]

பழைய பின்னைத் திரும்பப் போடாதீங்க. அதோட தேயாத முனையில விட்டத்தை அளந்து புதுசு வாங்குங்க. 9.5, 9, 8.5 மில்லிமீட்டர்னு பல அளவு இருக்கு. அரை மில்லிமீட்டர் சின்னதா இருந்தாலும் கிராங்க் ஆடும்.

போடும்போது ரெண்டு பின்னும் எதிரெதிர் திசையில இருக்கணும்: ஒரு பக்கம் நட் மேல பாத்தா, மறுபக்கம் கீழ. ஒரே பக்கம் போட்டா ரெண்டு கிராங்க்கும் நேர்கோட்டுல வராது. நட் மாட்ட மரை போதுமான அளவு வெளியே வரலேன்னா சாய்வு முகத்தை அரத்தால கொஞ்சம் கொஞ்சமா ராவுங்க, சாய்வோட கோணம் மாறாம. கிளாம்ப்பாலயோ குழாய்த் தாங்கலோட சுத்தியலாலயோ பின்னை உள்ளே இறக்கிட்டு, அப்புறம்தான் நட். நட்டால பின்னை இழுக்கப் பாத்தா மரை போயிடும். சில கிலோமீட்டர் ஓட்டினதும் பின்னை இன்னொரு தடவை அழுத்தி, நட்டைத் திரும்ப இறுக்குங்க. முதல் ஓட்டத்துல அது கட்டாயம் கொஞ்சம் தளரும்.