ஒரு தும்மலில் தொடங்கும் கதை

நேயர்களுக்கு வணக்கம். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசப் போகிறோம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு வானொலி நிலையம்தான். நிஜமான நிலையம் இல்லை, ஒரு தொலைக்காட்சித் தொடரில் வருவது. ஊரெல்லாம் இருமிக்கொண்டிருக்கிறது, சாதாரண ஃப்ளூ காய்ச்சல்தான் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அந்த நேரத்தில் ஒரு பெண் ஒலிபரப்பாளர் தன் நிகழ்ச்சியில் நேயர்களின் போனை எடுத்து அவர்கள் கண்ணால் கண்டதையெல்லாம் சொல்லவிடுகிறார். சொல்லக்கூடாது என்று ராணுவம் வருகிறது. ஸ்டூடியோவுக்குள் வந்து அவரைச் சுட்டுக் கொல்கிறது. அந்தப் பெண்ணாக நடித்தவர் ஆஸ்கர் விருது வாங்கிய கேத்தி பேட்ஸ். தொடரின் டைட்டிலில் அவர் பெயரே கிடையாது. சில நிமிடக் காட்சிதான், ஆனால் அதைப் பார்த்த பிறகு போனில் யாராவது இருமினால் என் காது தானாகக் கூர்மையாகிவிடுகிறது.

தொடரின் பெயர் ‘தி ஸ்டாண்ட்’. ஸ்டீபன் கிங் 1978-இல் எழுதிய நாவல். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 1994 மே மாதம், ஒரே வாரத்தில் நான்கு இரவுகளாக ஒளிபரப்பியது. இயக்கியவர் மிக் கேரிஸ், திரைக்கதையைக் கிங்கே எழுதினார். ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆயுதமாகத் தயாரித்து வைத்திருந்த ஃப்ளூ கிருமி வெளியே கசிகிறது. வாசலில் காவலுக்கு இருந்தவன் கதவு பூட்டிக்கொள்வதற்குள் வெளியே ஓடி, மனைவியையும் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு தப்பிக்கிறான். தப்பித்தது அவர்கள் மட்டும் இல்லை, கிருமியும்தான். கார் டெக்சாஸில் ஒரு பெட்ரோல் பங்க்கில் மோதி நிற்கிறது. அங்கிருந்து சில வாரங்களில் ஆயிரம் பேரில் 994 பேர் செத்துப்போகிறார்கள். ஜனங்கள் அந்த நோய்க்கு வைத்த பட்டப்பெயர் ‘கேப்டன் டிரிப்ஸ்’.

இந்தக் கதை கிங்குக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது நிஜத்திலிருந்து வந்தது. 1968 மார்ச்சில் யூட்டா மாநிலத்தின் டக்வே ராணுவப் பரிசோதனைக் களத்தில் நரம்பைத் தாக்கும் விஷவாயுவை விமானத்திலிருந்து தெளித்துப் பார்த்தார்கள். அடுத்த சில நாட்களில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மேய்ந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஆடுகள் கொத்துக்கொத்தாக விழுந்து செத்தன. அன்றைக்குக் காற்று வேறு பக்கம் அடித்திருந்தால் சால்ட் லேக் சிட்டி மக்களின் கதி என்ன என்ற கேள்விதான் கிங்கைப் பிடித்து உலுக்கியது. இதில் என் மனதில் ஒட்டிக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. 1994 தொடரின் பெரும்பகுதியை எடுத்தது அதே யூட்டா மாநிலத்தில்தான்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நோய் பரவும் கதையை, பரவின வரிசையிலேயே சொல்ல வேண்டும். பயமே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

நாவலில் ஒரு சின்ன அத்தியாயம் வருகிறது. ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர், வேகமாகப் போனதற்காக ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டை நிறுத்திச் சீட்டுக் கொடுக்கிறார். சீட்டோடு கிருமியும் போகிறது. ஏஜெண்ட் ஒரு ஓட்டலில் சாப்பிடுகிறார், பரிமாறின பெண்ணுக்கு ஒரு டாலர் டிப்ஸ் வைத்துவிட்டு எழுந்து போகிறார். அந்த ஒரு டாலர் நோட்டில் மரணம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இப்படியே கை மாறி, மேசை மாறி, ஊர் மாறி, ஒருவரும் கெட்டவர் இல்லை, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லோரும் அன்றாட வேலையைத்தான் பார்க்கிறார்கள். பேயும் பிசாசும் வராத சில பக்கங்கள். நான் படித்ததிலேயே என்னை மிகவும் பயமுறுத்திய பக்கங்கள் அவைதான்.

இதை இரண்டு மணி நேர சினிமாவில் எப்படிச் சொல்வது? பல வருடம் முயன்றார்கள். ஜார்ஜ் ரொமேரோ இயக்குவதாகக்கூடப் பேச்சு இருந்தது, நடக்கவில்லை. கதை அவ்வளவு பெரிது. 1978-இல் பதிப்பகம் நானூறு பக்கம் போல வெட்டித்தான் நாவலை வெளியிட்டது, வெட்டியதைச் சேர்த்து 1990-இல் மறுபடி வந்தபோது ஆயிரத்து நூறு பக்கத்தைத் தாண்டியது. குறுந்தொடர் என்ற வடிவம்தான் அதற்குச் சரியான பாத்திரம். விளம்பரத்தைக் கழித்தால் சுமார் ஆறு மணி நேரம். அதில் முதல் இரவு முழுவதையும் நோய்க்கே கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தொடக்கத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். காவலாளியின் கார் போய்விடுகிறது, கேமரா அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நிதானமாக நுழைகிறது, பின்னணியில் ஒரு பழைய ராக் பாட்டு. ஆட்கள் வேலை செய்த இடத்திலும், சாப்பிட உட்கார்ந்த இடத்திலும் அப்படியே சரிந்து கிடக்கிறார்கள். கத்தல் இல்லை, ஓட்டம் இல்லை. பாட்டு மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

குறை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. பிழைத்தவர்களில் பலரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் கதையின் சாத்தானான ராண்டல் ஃப்ளாக் மனித முகத்தோடு சிரிக்கும்போது வருகிற நடுக்கம், அவன் ராட்சச முகமாக மாறும்போது போய்விடுகிறது. லாஸ் வேகஸில் நடக்கும் உச்சக்கட்டத்தில் வானத்திலிருந்து ஒரு கை இறங்குகிறது பாருங்கள், அந்தக் கால கிராஃபிக்ஸ், பரிதாபமாக இருக்கும். மூன்றாவது இரவு கொஞ்சம் இழுக்கும். ஆனால் அதற்குள் அந்த மனிதர்கள் நமக்கு வேண்டியவர்கள் ஆகிவிடுகிறார்கள். நாயகன் ஸ்டூவாக வரும் கேரி சினிஸின் அந்தச் சாதாரண முகம், சோளக்காட்டு நடுவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நூறு வயது தாண்டிய பாட்டியாக ரூபி டீ, இவர்களோடு ஆறு மணி நேரம் இருந்தது உறவுக்காரர் வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்.

இதே நாவலை ஒன்பது பகுதிகளாக மறுபடி எடுத்து, 2020 டிசம்பரில் வெளியிடத் தொடங்கினார்கள். அதன் படப்பிடிப்பு முடிந்தது 2020 மார்ச்சில். உலகமே கதவைச் சாத்திக்கொண்ட அதே மாதம். பணம் தாராளம், படப்பதிவு அருமை, பாட்டியாக வூப்பி கோல்ட்பர்க், ஃப்ளாக்காக அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்ட். ஆனால் வரிசையைக் கலைத்துவிட்டார்கள். முதல் காட்சியிலேயே எல்லாம் முடிந்திருக்கிறது. பிழைத்தவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு ஒரு தேவாலயத்திலிருந்து பிணங்களை அப்புறப்படுத்துகிறார்கள். அப்புறம் முன்னுக்கும் பின்னுக்கும் தாவித் தாவிப் போகிறது கதை. ஆராய்ச்சிக்கூடத்தில் அடைபட்டிருக்கும் ஸ்டூ பிழைப்பானா என்று நான் எதற்குக் கவலைப்பட வேண்டும், அவன் பிழைத்ததை ஏற்கெனவே காட்டியாகிவிட்டதே! அந்த மாதங்களில் பஸ்ஸில் ஒருவர் தும்மினால் எல்லாத் தலையும் திரும்பும். அப்படி வாழ்ந்துகொண்டிருந்த நமக்கு, முதல் தும்மலிலிருந்து அடி அடியாகச் சொல்லியிருந்தால் எப்படிப் புரிந்திருக்கும்! வாய்ப்பைக் கைநழுவ விட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான். நாவலில் லாரி என்ற பாடகன், பிணங்களோடு கார்கள் அடைத்து நிற்கும் லிங்கன் சுரங்கப்பாதையை இருட்டில் கையில் லைட்டரோடு நடந்து கடக்கிற இடம் ஒன்று உண்டு. படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். புதிய தொடரில் அதை நீக்கிவிட்டு அவனைச் சாக்கடைக் குழாய் வழியாக அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு இடத்தைச் சொல்லாமல் என்னால் எழுந்துபோக முடியாது. நிக் என்ற இளைஞனுக்குக் காது கேட்காது, பேச வராது. எதையும் காகிதத்தில் எழுதித்தான் காட்டுவான். யாருமில்லாத ஓர் ஊரில் அவன் டாம் கல்லன் என்ற வெள்ளந்தி மனிதனைச் சந்திக்கிறான். நிக் ஆசையாக எழுதி நீட்டுகிறான். டாமுக்குப் படிக்கத் தெரியாது. செத்த ஊரின் தெருவில் இரண்டு பேர், ஒருவன் கையில் காகிதம், மற்றவன் வாயில் ஓயாத பேச்சு, இருவருக்கும் நடுவில் ஒரு பாலமும் இல்லை. ஆனாலும் சேர்ந்தே புறப்படுகிறார்கள். 1994-இல் நிக்காக நடித்த ராப் லோவுக்கு நிஜத்திலேயே ஒரு காது கேட்காது, குழந்தையில் வந்த பொன்னுக்குவீங்கி செய்த வேலை. புதிய தொடரில் நிக்காகக் காது கேட்கும் நடிகரைப் போட்டதற்குக் காதுகேளாத கலைஞர்கள் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நியாயமான எதிர்ப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாவலில் அந்த இருவரும் அப்படியே பல நாள் சேர்ந்து போகிறார்கள், கூட வருகிறவனின் பெயர்கூட டாமுக்குத் தெரியாது. அப்புறம் வழியில் ஒரு பழைய லாரியில் ரால்ஃப் என்று ஒருவர் வந்து நிற்கிறார். நிக் எழுதி நீட்டிய காகிதத்தை வாங்கி வாய்விட்டுப் படிக்கிறார். தன் நண்பனின் பெயர் நிக் என்று டாம் கல்லன் அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறான்.

நன்றி, வணக்கம்.