சொருகிக் கழற்றும் காயில்

வணக்கம் நேயர்களே.

பழைய வால்வ் டிரான்ஸ்மிட்டர் ஒன்றின் மூடியைத் திறந்தால், சேசிஸின் மேல் ஒரு சாக்கெட்டில் செம்புக் கம்பி சுற்றிய உருளை ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். 40 மீட்டர் பேண்டிலிருந்து (அலைநீளத்தால் பெயரிடப்பட்ட அலைவரிசை) 20 மீட்டருக்குப் போக, அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் சொருக வேண்டும். இதுதான் பிளக்-இன் காயில். 1930-களில் அமெரிக்காவில் நேஷனல், ஹாமர்லண்ட், பட், பார்க்கர் அண்ட் வில்லியம்சன் ஆகிய கம்பெனிகள் இவற்றை வரிசை வரிசையாகச் செய்து விற்றன.

சுவிட்ச் ஒன்றைத் திருப்பினால் போதாதா என்று கேட்கலாம். சுவிட்ச் வைத்தால் அதற்குப் போய்வர நீளமான ஒயர் வேண்டும். உயர் அதிர்வெண்ணில் அந்த ஒயரும் ஒரு காயில்தான். பயன்படாமல் பக்கத்தில் நிற்கும் காயில்களும் சும்மா இருப்பதில்லை. அவற்றில் ஒன்று தானாகவே ஒத்ததிர்ந்து சக்தியை உறிஞ்சிக்கொள்ளும். சொருகும் காயிலில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. இன்னொரு வசதியும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த பேண்டுக்கு மட்டும் தேவைப்படும் வேறு உறுப்புகளையும் காயிலுக்குள்ளேயே வைத்துவிடலாம்.

அதைக் கணக்கோடு பார்ப்போம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 807 என்ற வகை வால்வ், 500 வோல்ட், 100 மில்லி ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரின் இரண்டு மடங்கால் வகுத்தால், வால்வ் எதிர்பார்க்கும் பளு 2500 ஓம். காயிலும் கண்டென்சரும் சேர்ந்த டேங்க் சர்க்யூட்டின் கியூ, அதாவது பளுவை மறுப்பால் வகுத்த எண், 12 அளவில் இருக்க வேண்டுமென்றால், காயிலின் மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 200 ஓமை ஒட்டி இருக்க வேண்டும். கியூ ரொம்பக் குறைந்தால் ஹார்மோனிக்குகள், அதாவது நம் அதிர்வெண்ணின் மடங்குகள், வெளியே போகும். ரொம்பக் கூடினால் காயில் சூடாகும்.

3.8 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை, 100 பிகோஃபாரட் வேரியபிள் கண்டென்சர் என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டருக்கு 12 சுற்று, இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில். இண்டக்டன்ஸ் (தூண்டல் அளவு) சுமார் 5 மைக்ரோஹென்றி வரும். 20 மீட்டருக்கு அதே நீளத்தில் 8 சுற்று, 2.2 மைக்ரோஹென்றி. இரண்டுக்கும் 18 கேஜ் எனாமல் கம்பி.

80 மீட்டரில்தான் பலர் தவறு செய்கிறார்கள். அதே கண்டென்சரை வைத்துக்கொண்டு, சுற்றை மட்டும் கூட்டி 28 சுற்று போட்டுவிடுகிறார்கள். ட்யூன் ஆகும். ஆனால் மறுப்பு 450 ஓமுக்குப் போய், கியூ 6-க்கும் கீழே இறங்கிவிடும். சரியான வழி, 20 கேஜ் கம்பியில் மூன்றரை சென்டிமீட்டருக்கு 19 சுற்று போட்டு, 1000 வோல்ட் தாங்கும் 100 பிகோஃபாரட் சில்வர் மைக்கா கண்டென்சர் ஒன்றை உருளைக்குள்ளே வைத்து, காயிலின் அதே இரண்டு பின்களுக்கும் குறுக்காகப் பற்றவைப்பது. காயிலைச் சொருகினால் அதுவும் சர்க்யூட்டில் சேரும்; எடுத்தால் கூடவே போய்விடும். எந்த சுவிட்சும் வேண்டாம்.

வேறு அளவு உருளை கிடைத்தால் கணக்குப் போட ஒரு சூத்திரம். விட்டத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்குங்கள். விட்டத்தை 45-ஆலும், காயிலின் நீளத்தை 100-ஆலும் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையால் வகுங்கள். அளவெல்லாம் சென்டிமீட்டரில். விடை மைக்ரோஹென்றியில் வரும்.

இனி சுற்றும் வேலை. 40 மீட்டர் காயிலுக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கம்பி வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையை வைஸில் கட்டி, கம்பி லேசாக நீளும் வரை இழுங்கள்; மடிப்பெல்லாம் நேராகிவிடும். ஏறக்குறைய அதே தடிமனுள்ள நைலான் இழை ஒன்றைக் கம்பியோடு சேர்த்துச் சுற்றிவிட்டு, முடிந்ததும் இழையை உருவி எடுத்தால் இடைவெளி சீராக நிற்கும். காயிலிலிருந்து சக்தியை ஆண்டெனாவுக்கு எடுக்கும் லிங்க் சுற்றுக்கு பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர்: 80-க்கு 4, 40-க்கு 3, 20-க்கு 2 சுற்று. இதைக் காயிலின் குளிர்ந்த முனையில், அதாவது வால்வின் பிளேட் (வெளியீட்டு முனை) இணையும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், போட வேண்டும். பிளேட் முனையில் போட்டால் லிங்க்குக்கும் காயிலுக்கும் இடையே உள்ள மின்தேக்கம் வழியாக ஹார்மோனிக்குகள் ஆண்டெனாவுக்கு ஏறிவிடும்.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் சாக்கெட்டில் நுழையும் பின்தான். பிளேட் மீட்டர் 100 மில்லி ஆம்பியர் காட்டும்போது, காயிலுக்குள் சுழலும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர். பின்னுக்குள் ஈயப் பற்று சரியாகப் பிடிக்காமல் ஒரு ஓம் தடை இருந்தால்கூட, அந்த ஓர் இடத்தில் 2 வாட்டுக்கு மேல் வெப்பம் கிளம்பும். பேக்கலைட் கருகும், பின் ஆடும், தடை இன்னும் கூடும். ஆகவே எனாமலைக் கம்பியின் வட்டம் முழுவதும் சுரண்டி, முதலில் கம்பிக்கு ஈயம் பூசிவிட்டு, பிறகு பின்னுக்குள் நுழைத்துவிடுங்கள். பின்னின் அடியில் ஈரத் துணி சுற்றிக்கொண்டு, நுனியைச் சூடுபடுத்தி ஈயத்தை உள்ளே ஓடவிடுங்கள். வெளியே வழிந்ததைத் துடைத்தே ஆகவேண்டும். ஈயம் தடித்த பின்னைச் சொருகினால் சாக்கெட்டின் கவ்விகள் விரிந்துபோகும். அடுத்து வரும் காயில் தொளதொளவென்று நிற்கும். அந்தப் பழுதைக் காயிலில் தேடிக்கொண்டே இருப்போம்.

அடுத்து நான் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய செட்டுகள் பலவற்றில் எச்.டி. (உயர் மின்னழுத்த) மின்சாரம் காயில் வழியாகத்தான் பிளேட்டுக்குப் போகிறது. மோர்ஸ் சாவி வால்வின் கேத்தோடு முனையில் இருந்தால், சாவியை விட்ட பிறகும் காயிலில் முழு 500 வோல்ட்டும் நிற்கும். பளு இல்லாததால் கொஞ்சம் ஏறவும் செய்யும். அமெரிக்க அமெச்சூர் ரேடியோ இதழான கியூஎஸ்டியில் பணியாற்றிய ராஸ் ஹல், அத்தனை அனுபவம் உள்ளவர், 1938-இல் ஒரு டெலிவிஷன் சோதனையின்போது உயர் மின்னழுத்தம் தாக்கித்தான் இறந்தார். எச்.டி.யை அணையுங்கள். பவர் சப்ளையில் 50 கிலோ ஓம், 20 வாட் பிளீடர் (அணைத்த பிறகு தேங்கிய மின்னூட்டத்தை வடிக்கும் தடை) இருக்கட்டும். பிளீடரே அறுந்திருக்கலாம், அதனால் கைப்பிடியில் காப்பிட்ட கம்பியால் காயிலை சேசிஸோடு தொட்டுவிட்டுப் பிறகு கையை நீட்டுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் பிளேட்டுக்கு இரண்டரை மில்லிஹென்றி சோக் (உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் காயில்) வழியாக மின்சாரம் கொடுத்து, காயிலை 0.002 மைக்ரோஃபாரட் மைக்கா கண்டென்சரால் பிரித்துவிடுவது நல்லது. காயிலில் டி.சி. இருக்காது.

ட்யூன் செய்யும்போது பிளேட் மின்னோட்டம் சட்டென்று இறங்கும் இடம்தான் ஒத்ததிர்வு. 40 மீட்டர் காயிலில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. கண்டென்சர் தகடுகள் ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்த நிலையில், மொத்தத் தேக்கம் 26 பிகோஃபாரடுக்கு இறங்கினால், அதே காயில் 14 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். அங்கேயும் மீட்டர் இறங்கிக் காட்டும். நம் 40 மீட்டர் சிக்னலுக்குப் பதில் அதன் இரண்டாவது ஹார்மோனிக்தான் வெளியே போய்க்கொண்டிருக்கும். சரியான இறக்கம் தகடுகள் முக்கால் பங்குக்கு மேல் உள்ளே இருக்கும்போது வர வேண்டும். எந்த அதிர்வெண் வெளிவருகிறது என்று காட்டும் அப்சார்ப்ஷன் வேவ்மீட்டர் ஒன்றைப் பக்கத்தில் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கண்டென்சர் வைத்த 80 மீட்டர் காயிலில் இந்தப் பொறி வராது. தேக்கம் அவ்வளவு கீழே இறங்கவே முடியாது.

பழைய பார்க்கர் அண்ட் வில்லியம்சன் காயில்கள் கையில் கிடைத்தால், பெயரிலுள்ள எண் பேண்டைக் குறிக்கும். இஎல் என்றால் லிங்க் ஓரத்தில், சிஎல் என்றால் நடுவில், விஎல் என்றால் நகர்த்தக்கூடிய லிங்க். நடுவில் லிங்க் உள்ளவை, இரண்டு வால்வ் மாறி மாறி இயங்கும் புஷ்-புல் சர்க்யூட்டுக்கானவை. ஒற்றை வால்வில் அவற்றைப் போட்டால் லிங்க் பாதி ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) மின்னழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். பின்கள் கறுத்திருந்தால் மணல் காகிதம் போடாதீர்கள். மேல்பூச்சு போய்விடும். ஸ்பிரிட்டில் நனைத்த துணி போதும். கம்பியைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டைகளுக்குப் பக்கத்தில் சால்டரிங் அயர்ன் ஐந்து விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. பட்டை இளகினால் சுற்றுகளின் இடைவெளி மாறி, இண்டக்டன்ஸும் மாறிவிடும்.

வணக்கம்.