கரண்ட் போனாலும் நெருப்பு நிற்காது

வணக்கம் நேயர்களே. அயர்லாந்தின் மேற்கே, கால்வே பகுதியில் பாய்லர், ரேடியேட்டர் வேலை பார்க்கிறேன். பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும்; அந்த வெந்நீர் குழாய் வழியே அறைகளில் உள்ள ரேடியேட்டர் தகடுகளுக்குள் ஓடி வீட்டைச் சூடாக்கும். இங்கே கிராமப்புறத்தில் வீடு வாங்கும் நம் ஆட்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ஆயில் பாய்லர் இருக்கு. கூடவே ஒரு விறகு ஸ்டவ் வச்சு, ரெண்டையும் அதே ரேடியேட்டர்ல சேர்க்க முடியுமா?"

முடியும். இந்த நாட்டில் பத்தில் நான்கு வீடுகள் ஆயிலை நம்பித்தான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. ஆயில் என்றால் வேறொன்றுமில்லை, மண்ணெண்ணெய்தான். தோட்டத்துத் தொட்டியின் மூடியைத் திறந்தால் ரேஷன் கடை வாசனை வரும். அதன் விலை ஏறும்போதெல்லாம் விறகின் மேல் ஆசை வருகிறது. நியாயமான ஆசை. ஆனால் ஆயில் பாய்லரை சுவிட்சைத் தட்டி அணைத்துவிடலாம், விறகு நெருப்பை அப்படி அணைக்க முடியாது. எல்லாச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

2025 ஜனவரி 24 அன்று எயோவின் புயல் அடித்தது. கால்வே கடற்கரையில் மணிக்கு 183 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. நாடு முழுக்க ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. அன்று மாலை நமக்குத் தெரிந்த ஓர் அக்கா போன் செய்தார். "தம்பி, சுவருக்குள்ள யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி சத்தம் கேக்குது. குழாயில கை வைக்க முடியல."

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஸ்டவ்வின் முதுகில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் அது. முன்பு அந்த ஸ்டவ்வைப் பொருத்தியவர், ஆயில் பாய்லரின் மூடிய குழாயிலேயே அதையும் சேர்த்துவிட்டிருக்கிறார். தண்ணீரைச் சுற்ற விடுவது பம்ப் மட்டும்தான். கரண்ட் இல்லை, பம்ப் இல்லை. நெருப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் நீராவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். மூடிய குழாயில் அது எங்கே போகும்?

"அக்கா, ஸ்டவ்வுக்குள்ள காற்று போற சின்னக் கதவை முழுசா மூடுங்க. இனி ஒரு கட்டைகூட போடாதீங்க. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. எல்லாரையும் கூட்டிட்டு வீட்டோட அந்தக் கோடிக்குப் போயிடுங்க." சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் அது வெடித்துப் பிளந்துவிடும். அந்தச் சத்தம் அடங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சாலையெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்ததால் மறுநாள்தான் போக முடிந்தது.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறியது தானாகக் கீழே இறங்கும். அந்தக் குணத்தை நம்பித்தான் ஸ்டவ்வின் குழாயைப் போட வேண்டும். ஸ்டவ்விலிருந்து 28 மில்லிமீட்டர் செம்புக் குழாய், வழியில் எங்கேயும் தாழாமல், மாடியில் உள்ள வெந்நீர் சிலிண்டருக்கு ஏறிப் போகட்டும். வழியில் வால்வே கூடாது. அதோடு, மூடவே முடியாத ஒரு ரேடியேட்டர் வேண்டும். மிஞ்சிய சூடு அதில் இறங்கும். பரணில் திறந்த தொட்டி, அதன் மேல் வளைந்து நிற்கும் வெளியேற்றுக் குழாய். தண்ணீர் கொதித்தாலும் நீராவி அதன் வழியே வெளியே போய்விடும். அந்தக் குழாய் உறைந்துபோகாதபடி கம்பளிபோலச் சுற்றி மூட வேண்டும். இங்கே குழாய்களெல்லாம் உறைந்துபோன 2010 டிசம்பர் குளிரைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் பம்ப் இல்லாமலே ஓட வேண்டும். பம்ப் அதற்கு மேல் வரும் வசதி. குழாய் சுமார் 60 டிகிரியைத் தொட்டதும் சூட்டைப் பார்த்து வேலை செய்யும் சுவிட்சான தெர்மோஸ்டாட் பம்பை ஓட்டிவிடும், மற்ற ரேடியேட்டர்களும் சூடாகும்.

அப்புறம், இரண்டையும் சேர்ப்பது. ஆயில் பக்கம் அழுத்தத்தில் ஓடும் மூடிய தண்ணீர், ஸ்டவ் பக்கம் திறந்த தண்ணீர். இரண்டும் கலக்கவே கூடாது. நடுவில் தகடுகள் கொண்ட வெப்ப மாற்றி வைத்தால் சூடு மட்டும் கடக்கும். இன்னொரு காரணமும் உண்டு. இப்போதைய ஆயில் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 50 டிகிரிக்கும் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவியின் சூட்டையும் பிடித்துக்கொள்ள முடியும். விறகு ஸ்டவ்வுக்கு அவ்வளவு ஆறிய தண்ணீர் ஆகாது. உள்ளே தார் பிசுக்காகப் படியும். ஒரே குழாயில் கட்டிப் போட்டால் இரண்டில் ஒன்று கெடும்.

என்னைக் கேட்டால், வரவேற்பறை மட்டும் சூடானால் போதும் என்பவர்களுக்குத் தண்ணீர்ப் பெட்டியே இல்லாத சாதாரண ஸ்டவ் போதும். செலவும் குறைவு, பயமும் குறைவு. எதை வைத்தாலும் நன்றாகக் காய்ந்த விறகு வேண்டும், ஈரம் 20 சதவீதத்துக்குள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு நாளும் பற்ற வைக்காதீர்கள்.

அந்த வீட்டின் குழாய்களை மார்ச்சில் முழுக்கப் பிரித்துப் போட்டோம். முடிந்த அன்று ஸ்டவ்வைப் பற்ற வைத்து, நெருப்பு பிடித்ததும் பம்பின் சுவிட்சை நானே அணைத்தேன். அக்கா மாடிக்குப் போய், மூடவே முடியாதபடி வைத்த குளியலறை ரேடியேட்டரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மேலிருந்து குரல் வந்தது: "தம்பி, சுடுது."