மிங்கஸ் இல்லாத மேடையில் மிங்கஸ்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மறைந்த ஜாஸ் மேதைக்குப் பெரிய மரியாதை அவர் விட்டுச் சென்ற இசைத்தட்டுகளா, அவருக்காக எடுக்கும் நினைவுக் கச்சேரியா? இதுதான் தலைப்பு. கச்சேரிதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்த அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸை முன்வைத்து எதிரணித் தோழி அழகாகக் கேட்டார்: "சார்லஸ் மிங்கஸின் பாஸை மிங்கஸ் அல்லாத ஒருவர் வாசித்தால் அது மிங்கஸ் ஆகுமா? தட்டைப் போடுங்கள், அவரே வாசிப்பார்." நல்ல கேள்வி. அதே மிங்கஸை வைத்தே பதில் சொல்கிறேன்.

1962 அக்டோபர், நியூயார்க் டவுன் ஹால். முப்பது பேர் வாசிக்கும் பெரும் படைப்பொன்றை அரங்கேற்ற மிங்கஸ் முயன்றார். ஒத்திகைக்கு நேரம் போதவில்லை. கச்சேரி நடக்கும்போதே மேடையில் மேசை போட்டு உட்கார்ந்து ஸ்வரத்தாள்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள் ஐயா! அன்றைய இரவு குலைந்துபோனது. அந்தக் குலைந்த இரவும் தட்டாக வந்தது. தோழி போடச் சொல்லும் தட்டு அதுதான்.

1979 ஜனவரியில், 56 வயதில், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயால் மெக்சிகோவில் மிங்கஸ் இறந்தார். விரல் அசையாத கடைசி நாட்களிலும் டேப் ரெக்கார்டரில் பாடிப் பாடியே இசையமைத்த மனிதர். அஸ்தியை அவர் விருப்பப்படி மனைவி சூ மிங்கஸ் நம் கங்கையில் கரைத்தார். பிறகு அவருடைய காகிதங்களை ஆண்ட்ரூ ஹோம்சி என்ற இசை ஆய்வாளர் பட்டியலிட்டபோதுதான், டவுன் ஹாலில் குலைந்துபோன அந்தப் படைப்பு முழு அளவில் தெரியவந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இசை. பெயர் 'எபிடாஃப்', கல்லறை வாசகம்.

1989 ஜூன் 3, நியூயார்க் லிங்கன் சென்டரின் ஆலிஸ் டல்லி ஹால். இசையமைப்பாளர் குந்தர் ஷுல்லர் வாத்தியக் குழுவை நடத்த, முப்பது கலைஞர்கள் அதை வாசித்தார்கள். டவுன் ஹாலில் வாசித்த டிராம்போன் கலைஞர் பிரிட் உட்மன் இங்கும் இருந்தார். மிங்கஸோடு லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்த சிறுவயது நண்பர் அவர். 27 ஆண்டு கழித்து, நண்பனின் இசை நண்பன் இல்லாமல் நிறைவேறுவதை அவர் அங்கே இருந்து வாசித்தார். இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

மிங்கஸின் பாஸை யார் வாசித்தார்கள் என்கிறீர்களா? ரெஜி ஜான்சன், எட் ஷுல்லர் என இருவர். அவரைப் போலவே வாசிக்க வேண்டும் என்பது ஜாஸின் நியாயமே இல்லை, நடுவர் அவர்களே. தனி ஆவர்த்தனம் போல, வாசிப்பவருக்கென்றே திறந்துவிட்ட இடம் அந்த இசைக்குள் இருக்கிறது. மிங்கஸே தம் குழுவினருக்குத் தாளை நீட்டாமல் வாயால் பாடிக் காட்டிப் பழக்கியவர். அவரவர் குரல் அதில் கேட்க வேண்டும் என்று நினைத்தவர். அந்த இடத்தை எந்தத் தட்டு புதிதாக நிரப்பும்? எத்தனை முறை சுழன்றாலும் அதே தனி ஆவர்த்தனம்தான்.

"ஒரு மாலையில் முடிந்துபோகும் சடங்கு" என்றும் சொன்னார்கள். மிங்கஸ் இறந்த ஆண்டிலேயே சூ 'மிங்கஸ் டைனஸ்டி' குழுவைத் தொடங்கினார். 1991இல் 'மிங்கஸ் பிக் பேண்ட்' வந்தது. நியூயார்க்கில் வாராவாரம் வாசித்தார்கள். மிங்கஸை நேரில் பார்த்தேயிராத இளைஞர்கள் அவர் இசையை வாசித்து வளர்ந்தது அங்கேதான்.

'எபிடாஃப்' இன்று தட்டாகவும் கிடைக்கிறதே என்று தோழி எழுந்து சொல்லக்கூடும். கிடைக்கிறது. அது அந்த 1989 கச்சேரியின் பதிவு. அந்த முப்பது பேர் அன்று கூடியிருக்காவிட்டால் எதைப் பதிவு செய்திருப்பார்கள் என்று மட்டும் எதிரணி சொல்லட்டும்.