கையேடு எழுதுபவரும் பொறியாளரும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் பீளமேட்டிலும் கணபதியிலும் பம்ப், மோட்டார் செய்யும் தொழிற்கூடங்களுக்கும் நகரத்தின் மென்பொருள் அலுவலகங்களுக்கும் பொதுவான ஒரு பணியாளர் உண்டு. பொருளை எப்படிப் பொருத்துவது, எப்படி இயக்குவது என்று கையேடு எழுதித் தரும் தொழில்நுட்ப எழுத்தாளர் அவர். பொறியாளர்களிடையே அவருக்கு மதிப்புக் குறைவு என்பதை, இத்தொழிலில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் நான் அறிவேன். "நாங்கள் சொல்வதைப் பிழையில்லாமல் எழுதித் தந்தால் போதும்" என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. அந்த எண்ணத்தில் நியாயமே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. டிராயிங்கைப் படிக்கத் தெரியாமல், எந்திரம் ஓடுவதை அருகில் நின்று ஒருமுறையும் பார்க்காமல், வந்த குறிப்பை அழகுபடுத்தித் திருப்பிக் கொடுப்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களால் வந்த பெயர்தான் எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த வேலையின் திறமை எங்கே இருக்கிறது என்பதை நம் ஊர் போர்வெல் மோட்டாரை வைத்தே காட்டலாம். தண்ணீர் நிரப்பி இயங்கும் நீர்மூழ்கி மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்குமுன் அதனுள் சுத்தமான தண்ணீர் நிரப்ப வேண்டும். வைண்டிங் எனும் கம்பிச் சுற்றைக் குளிர்விப்பதும் உள்ளே இருக்கும் பேரிங்குகளுக்கு மசகாக இருப்பதும் அந்தத் தண்ணீர்தான். "மோட்டாரில் போதிய தண்ணீர் இருப்பதை உறுதி செய்யவும்" என்று கையேட்டில் எழுதினால் இலக்கணப்படி அது குற்றமற்ற வாக்கியம். பல்லடம் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டாரை இறக்கக் காத்திருக்கும் மெக்கானிக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எந்த பிளக்கைக் கழற்றுவது, காற்று வெளியேற வழி எது, நிரம்பிவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன, சற்றுப் பொறுத்து மறுபடியும் ஊற்ற வேண்டுமா என்பவை அவருக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கேள்விகளை எழுத்தாளர் ஒருவர் ஒரு கூட்டத்தில் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். சோதனையின்போதே நிரப்பி அனுப்புகிறோம் என்றார் உற்பத்திப் பிரிவினர். வாடிக்கையாளர்தான் நிரப்ப வேண்டும் என்றார் வடிவமைப்புப் பொறியாளர். லாரியில் போகும்போதே கொஞ்சம் கசிந்துவிடுகிறது என்றார் சர்வீஸ் பொறியாளர். மூவருக்கும் தத்தம் வேலை நன்றாகத் தெரியும். ஆயினும் அந்த மூன்று பதில்களும் ஒரே மேசைக்கு வந்தது அன்றுதான். அதன்பின் அந்த எழுத்தாளரைப் பொறியாளர்கள் தாங்களாகவே கூப்பிட்டுக் கலந்து பேசத் தொடங்கினார்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் திசை மாறிச் சுற்றினாலும் தண்ணீர் வரத்தான் செய்யும், அளவுதான் குறையும். ஆகவே இரண்டு வயர்களை மாற்றிக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதையும் அவரே கேட்டுச் சேர்த்தார்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை எந்திரத்தின் வரலாறு இருக்கிறது. 1985 முதல் 1987 வரை வட அமெரிக்காவில் 6 நோயாளிகள் அதனால் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் உயிரிழந்தார்கள். 1986இல் டெக்சாஸ் மாநிலத்து மருத்துவமனையில் திரையில் 'மால்ஃபங்ஷன் 54', அதாவது 'பழுது 54', என்ற செய்தி வந்தது. அதன் பொருள் இயக்குபவரின் கையேட்டில் விளக்கப்படவில்லை. இத்தகைய செய்திகள் அடிக்கடி வந்து பழகிப்போயிருந்ததால், இயக்குபவர் விசையை அழுத்தி மேலே தொடர்ந்தார். மூலக் குற்றம் மென்பொருளிலும், மென்பொருளை நம்பாமல் கதிர்வீச்சைத் தடுக்கும் தனியான பாதுகாப்புப் பூட்டு இல்லாத வடிவமைப்பிலும் இருந்தது; அதைக் கையேட்டின் மேல் சுமத்தக் கூடாது. ஆனால் "இந்த எண் வந்தால் இயக்குபவர் என்ன செய்ய வேண்டும்?" என்று விடாமல் கேட்கும் ஒருவர் எழுதும் இடத்தில் இருந்திருந்தால், அந்தக் கேள்விக்குத் தங்களிடமே சரியான பதில் இல்லை என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

விமானத் துறையில் எளிய ஆங்கிலத்துக்கென ஒரு விதித்தொகுப்பு உண்டு. செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது என்கிறது அது. ஐரோப்பாவுக்கு எந்திரம் அனுப்புவோருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42 என்ற எந்திர நெறிமுறை தெரிந்திருக்கும். கையேடு பாதுகாப்புத் தேவைகளில் ஒன்று என்பதே அதன் நிலை. இத்தகைய விதிகளை எவரும் படித்துக்கொள்ளலாம். பொறியாளர் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கும் கண் அவற்றால் வந்துவிடாது.

அந்தக் கண் உள்ளவரையும் பெரும்பாலான இடங்களில் கடைசி வாரத்தில்தான் அழைக்கிறார்கள். வார்ப்பு அச்சுகள் தயாராகி, பெட்டியில் ஒட்டும் லேபிளும் அச்சாகிவந்த பிறகு அவர் கேட்கும் கேள்வி பொறியாளருக்குத் தொல்லையாகத்தான் தோன்றும். முதல் மாதிரி சோதனை மேசையில் ஓடும்போது கேட்டால் அதே கேள்வி உதவியாக இருக்கும். ஆள் எடுக்கும்போது கட்டுரை எழுதச் சொல்லிப் பார்ப்பதையும் விட்டுவிடலாம். வந்தவர் கையில் ஒரு மோட்டாரையும் ஸ்பேனரையும் கொடுத்து, அதை ஓட்டிக் காட்டத் தெரிந்த ஒரு ஃபிட்டரையும் பக்கத்தில் நிறுத்தி, அரை நாள் கழித்து அவர் எழுதித் தருவதையும், அதற்குமுன் ஃபிட்டரிடம் அவர் என்னென்ன கேட்டார் என்பதையும் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.